பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தர வேண்டியது

(நிலக்கோட்டை வட்டாரத்தில் அங்கன்வாடியில் பிள்ளைகளைச் சேர்க்கவிருக்கும் பெற்றோரிடையே, குழந்தை வளர்ச்சித் திட்டப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே வந்திருக்கிற அம்மாமார்கள், பேரப்பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்திருக்கிற அப்பத்தா, அம்மாச்சிமார்கள், வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கிற அப்பாமார்கள், எல்லாரும் உட்காருங்க. பிள்ளைங்க ஓடினா ஓடட்டும், பரவாயில்ல.

பால்வாடி விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்குச்சு. முதல்ல நாடு முழுக்க 33 வட்டாரங்கள்லதான் ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுல அப்படித் தேர்வான இடங்கள்ல நிலக்கோட்டையும் ஒண்ணு. அப்போ திண்டுக்கல் மாவட்டமே கிடையாது, நாம மதுரை மாவட்டத்துல இருந்தோம். இன்னைக்குத் தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல அங்கன்வாடி மையங்கள் இருக்கு. இங்க இருக்கிற அம்மாச்சிமார் சிலரோட பிள்ளைகளே பால்வாடியில வளர்ந்திருப்பாங்க. அதனால பால்வாடின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் பேச வந்தது வேற. பிள்ளையைச் சேர்க்கிறது ஒரு நாள் வேலை. ஆனா சில பிள்ளைங்க நாலு நாள் வந்து, அஞ்சாவது நாள்ல இருந்து வர்றதில்ல. கேட்டா, "அழுகுறான் சார், பாவமா இருக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்"னு சொல்றாங்க. அந்த ஒரு வருஷத்துல பிள்ளைக்கு என்ன போகுது பாருங்க. மதியச் சாப்பாடு, வாரத்துக்கு 3 முட்டை, மாசாமாசம் எடை பார்க்கிறது, வருஷத்துக்கு ரெண்டு தடவை மருத்துவக் குழு வந்து பார்க்கிறது, கூட விளையாட வயசுப் பிள்ளைங்க. இத்தனையும் போயிடும். அதனால அந்த முதல் வாரத்தை எப்படித் தாண்டுறதுன்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம். தனியார் நர்சரியில சேர்க்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

பிள்ளையைத் தயார் பண்றதுன்னு சொன்னா நிறைய பேர் ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுக்கிறாங்க. ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. அதெல்லாம் பின்னாடி தானா வரும். மூணு வயசுப் பிள்ளைக்கு முதல்ல தெரிய வேண்டிய பாடம் ஒண்ணுதான்: போன அம்மா கட்டாயம் திரும்பி வருவா. அந்த நம்பிக்கை வந்துட்டா பிள்ளை எந்த இடத்துலயும் உட்காரும்.

நம்ம பக்கம் இதுல ஒரு சிக்கல் இருக்கு. மல்லிகைப் பூ எடுக்கப் போற அம்மாமார் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுறீங்க. பிள்ளை கண் முழிக்கிறப்போ பக்கத்துல அம்மா இல்ல. முழிச்சா அழுமேன்னு சொல்லாமலே போறீங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா பிள்ளை மனசுல என்ன பதியுது? "அம்மா எப்ப வேணாலும் காணாமப் போயிடுவா." அதனாலதான் பால்வாடி வாசல்ல உங்க சேலையை அந்தப் பிடி பிடிக்குது.

இதுக்கு வழி இருக்கு. முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுங்க: "காலையில அம்மா பூ எடுக்கப் போவேன். நீ எந்திரிச்சதும் அப்பத்தா பால் தருவாங்க. நீ குளிச்சு முடிக்கிறப்போ அம்மா வந்துருவேன்." மணிக்கணக்கு சொல்லாதீங்க, பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. சாப்பிட்டு முடிச்சதும், தூங்கி எந்திரிச்சதும்னு சொன்னாப் புரியும். சொன்னபடி வந்துடணும். வர லேட்டாகும்னா முடியாததைச் சொல்லாதீங்க.

சேர்க்கிறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே பழக்க ஆரம்பிங்க. முதல்ல பக்கத்து வீட்டுல அரை மணி நேரம் விட்டுட்டு, சொல்லிட்டுப் போய், சொன்னபடி வாங்க. அப்புறம் ஒரு மணி நேரம். நடுவுல ரெண்டு மூணு நாள் பிள்ளையைப் பால்வாடிக்குக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. எங்க உட்காரணும், எங்க தண்ணி குடிக்கணும், கழிப்பறை எங்க இருக்குன்னு பிள்ளையே பார்க்கட்டும். பணியாளர் பேரையும் உதவியாளர் பேரையும் வீட்டுல அடிக்கடி சொல்லுங்க. பேர் தெரிஞ்ச ஆள்கிட்ட பயம் குறையும்.

அடுத்தது, தேவையை வாய் விட்டுச் சொல்லப் பழக்குங்க. தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, வயிறு வலிக்குது, அவன் அடிச்சான். இந்த நாலைச் சொல்லத் தெரிஞ்சா போதும். வீட்டுல நாம பிள்ளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுறோம், அதனால பிள்ளைக்குச் சொல்ற வேலையே இல்லாமப் போயிடுது. கொஞ்சம் பொறுத்திருந்து, பிள்ளை கேட்டதும் கொடுங்க. போடுறதுக்கும் கழட்டுறதுக்கும் சுலபமான டவுசர் போட்டு அனுப்புங்க. நனைச்சுட்டா திட்டாதீங்க, பையில ஒரு மாத்துத் துணி வச்சு விடுங்க.

மூணாவது, தானா சாப்பிடுறது. இங்கதான் செல்போன் வருது. வீட்டுல போன்ல பாட்டு ஓடினாத்தான் வாய் திறக்குற பிள்ளை, பால்வாடியில தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். 2 முதல் 4 வயசுப் பிள்ளைங்க ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல திரை பார்க்கக் கூடாது, குறைவா இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. முதல்ல சாப்பாட்டு நேரத்துல போனை எடுத்து மேல வைங்க. சிந்திச் சிதறித்தான் சாப்பிடும், சாப்பிடட்டும். தூக்கமும் முக்கியம். 3, 4 வயசுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேணும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருந்த பிள்ளை காலையில அழத்தான் செய்யும்.

அப்பத்தா, அம்மாச்சிமார்கிட்ட ஒரு வேண்டுகோள். "சேட்டை பண்ணினா டீச்சர்கிட்ட பிடிச்சுக் கொடுத்துருவேன்"னு சொல்லாதீங்க. பூச்சாண்டியைக் காட்டுற மாதிரி டீச்சரைக் காட்டிட்டா, அப்புறம் அவங்க மடியில பிள்ளை எப்படி உட்காரும்?

முதல் நாள் என்ன செய்யணும்? பிள்ளை விளையாட்டுல இருக்கிற நேரம் பார்த்து நழுவக் கூடாது. முகத்துக்கு நேரா, சிரிச்ச முகமா, "அம்மா போயிட்டு, சாப்பாடு முடிஞ்சதும் வந்துருவேன்"னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. வாசல்ல நின்னு நின்னு திரும்பிப் பார்த்தா அழுகை கூடத்தான் செய்யும். நீங்களும் கண் கலங்கினா, இது ஏதோ பயப்பட வேண்டிய இடம் போலன்னு பிள்ளை நினைச்சுக்கும். முதல் சில நாள் சீக்கிரமே வந்து கூட்டிட்டுப் போங்க, அப்புறம் நேரத்தைக் கூட்டிக்கலாம். அழுதாலும் தினமும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு நாள் விட்டுட்டு வந்தா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

எல்லா அழுகையும் ஒண்ணு இல்ல. மூணு நாலு வாரம் ஆகியும் நிக்கலன்னா, சாப்பாடு இறங்கலன்னா, குறிப்பிட்ட ஒரு ஆளைப் பார்த்தா மட்டும் நடுங்குதுன்னா, "சும்மா நடிக்குது"ன்னு தள்ளாம பிள்ளை சொல்றதைக் கேளுங்க. பிள்ளைக்கு ஆபத்துன்னு தோணினா 1098-க்குக் கூப்பிடுங்க. ரெண்டு வயசு தாண்டியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசலன்னா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலன்னா, பணியாளர்கிட்ட சொல்லுங்க. மருத்துவக் குழு வர்றப்போ காட்டலாம். அவசரமா ஆலோசனை வேணும்னா 104-க்குப் பேசலாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க.

கடைசியா காகித வேலை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையில பிறந்த தேதியைக் காட்ட பிறப்புச் சான்றிதழ்தான் ஆவணம். அதுல பிள்ளை பேர் ஏறியிருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. பிறப்பைப் பதிவு பண்ணி 12 மாசத்துக்குள்ளன்னா கட்டணம் இல்லாம பேர் சேர்க்கலாம், அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் உண்டு. பதிவு, பிள்ளை பிறந்த ஊர்லதான் இருக்கும். பிரசவம் மதுரையில நடந்திருந்தா நிலக்கோட்டையில தேடாதீங்க. 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஆதார் எடுக்க கைரேகை, கருவிழிப் பதிவு கிடையாது, அதனால பயப்பட வேண்டாம். 5 வயசு ஆனதும் அந்தப் பதிவைக் கட்டாயம் செய்யணும், 7 வயசுக்குள்ள செஞ்சா இலவசம். தடுப்பூசி அட்டையையும் பாருங்க. 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள போட வேண்டிய ஊசிகள் விட்டுப் போயிருந்தா கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க. எல்லாத்தையும் உங்க போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, போனுக்கு அதுதான் நல்ல உபயோகம்.

ஏதாவது ஒரு காகிதம் இல்லன்னு பிள்ளையை வீட்டுல வச்சுக்காதீங்க. முதல்ல பணியாளரை வந்து பாருங்க, அதை எப்படி வாங்கறதுன்னு அவங்க வழி சொல்லுவாங்க.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுடுங்க. நாளைக்குக் காலையில எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டுத் தூங்க வைங்க. மத்ததை நாம சேர்ந்து பார்த்துக்கலாம்.