வெல்லப்பாகும் பாஸ்பேட் பாறையும்

இன்னைக்கு எபிசோடு ஒரு கல்லைப் பத்தி.

ராஜஸ்தான்ல, உதய்பூர் பக்கத்துல ஜாமர்கோட்ரானு ஒரு ஊர். 1968-ல அங்கே பாஸ்பேட் பாறை இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. டிஏபி உரத்துல இருக்கிற பாஸ்பரஸ் இந்த மாதிரிப் பாறையிலிருந்துதான் வருது. பாஸ்பரஸ் இல்லாம எந்தப் பயிரும் வளராது. அதுக்கு மாற்றும் கிடையாது. ஆனா இந்தியா தன் தேவையில பெரும்பகுதியை வெளிநாட்டுலதான் வாங்குது. நம்மகிட்ட இருக்கிற கல்லை அப்படியே உரமாக்கினா என்ன?

சிக்கல் அந்தக் கல்லோட பிறப்புலயே இருக்கு. நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி, ஆழமில்லாத கடல்ல நுண்ணுயிர்கள் அடுக்கடுக்கா கட்டின தூண்கள்தான் இது. பேர் ஸ்ட்ரோமடோலைட். தூண்கள்ல பாஸ்பேட், இடைவெளியில டோலமைட். டோலமைட்ங்கிறது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்.

உரம் செய்ய, பாறைத்தூள்ல கந்தக அமிலம் ஊத்தணும். சமையல் சோடாவுல எலுமிச்சை பிழிஞ்சா பொங்குமே, அதே மாதிரி கார்பனேட் பொங்கி, அமிலத்தைக் குடிச்சிடும். அமிலம் காசு. போதாததுக்கு மக்னீசியம் கரைஞ்சு, கிடைக்கிற பாஸ்பாரிக் அமிலத்தைக் கெட்டியாக்கிடும், வடிகட்டறது பெரும்பாடு.

சூளையில சுட்டு கார்பனேட்டை உடைக்கலாம். ஆனா 900 டிகிரி அளவுக்கு எரிபொருள் வேணும்.

இன்னொரு வழி நுரை மிதப்பு. வெல்லம் காய்ச்சறதைப் பார்த்திருக்கீங்களா? அழுக்கு நுரையோட மேலே வரும், வழிச்சு எறிவாங்க. இங்கேயும் அதேதான். பாறையை மாவா அரைச்சு, தண்ணியில கலக்கி, சோப்பு செய்யற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து, காத்தை ஊதணும். ஆனா ரெண்டு கனிமத்துலயும் கால்சியம் இருக்கே, கொழுப்பு அமிலம் ரெண்டுமேலயும் ஒட்டுமே! அதனால கந்தக அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கொஞ்சம் விட்டு, தண்ணியை லேசா புளிப்பாக்குவாங்க. அப்போ பாஸ்பேட் துகள்மேல அது சரியா ஒட்டாது. கார்பனேட் குமிழியைப் பிடிச்சு மேலே போயிடும், பாஸ்பேட் கீழே தங்கும்.

முழுசா பிரியுமான்னா, இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பாஸ்பேட் நுரையோட போயிடும். அதைக் குறைக்க இன்னும் நைசா அரைச்சா கரண்ட் செலவு ஏறும்.

அதனால 'நம்மகிட்ட இத்தனை டன் பாஸ்பேட் இருக்கு'ன்னு யாராவது சொன்னா, நான் அடுத்து கேட்கிற கேள்வி இதுதான்: அதுல எவ்வளவைப் பிரிக்க முடியும், என்ன செலவுல? தரமான பாறையை உலகம் முழுக்க முதல்ல தோண்டி எடுத்துட்டு இருக்கோம். மீதி இருக்கப்போறதுல நிறைய இப்படிக் கலந்த கல்லுதான்.