பங்குனி வந்தாச்சு, உங்க வாசல்ல என்ன பூத்திருக்கு?

(கீழ்பென்னாத்தூரில் வீட்டுத்தோட்டம் வளர்ப்பவர்களிடையே பேசிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியவங்க, அக்காக்கள், அண்ணன்கள், தம்பி தங்கைகள் எல்லோரும் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். செய்தித் துறையில் இருந்து ஒரு பொண்ணு பேச வந்தா திட்டம், மானியம், விண்ணப்பம் என்றுதான் ஆரம்பிப்பாள் என்று நினைப்பீங்க. அதுவும் வரும், கொஞ்சம் பின்னாடி. முதலில் பூவைப் பற்றிப் பேசுவோம்.

வசந்தகாலம் என்றாலே நமக்கு சினிமாவில் வரும் ஊட்டி, காஷ்மீர்தான் ஞாபகத்துக்கு வருது. நம்ம ஊரில் பனி முடிஞ்சா நேரா வெயில்தானே என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தமிழில் சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கும் இளவேனில் என்று தனியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள். வெயில் ஏற ஏற மரம் பூக்கும் ஊர் நம்முடையது. பசங்களுக்கு முழுப்பரீட்சை நடக்கிற நேரத்தில்தான் வாசலில் இருக்கும் மரமும் வருஷத்திலேயே அழகாக இருக்கும். நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மாதம் மாதமாக ஒரு பூப்பட்டியல்

மாசியில் முருங்கை வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். இலை உதிர்ந்த கல்யாண முருங்கையில் சிவப்புப் பூ வரும். மாமரம் பூவெடுத்திருக்கும். வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டு செம்பு நிறத்தில் கொழுந்து விடும்.

பங்குனியில் புங்கமரத்துக்கு முறை. இலை உதிர்வதும் புது இலை வருவதும் பூப்பதும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து நடந்து முடியும். இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த சின்னப் பூக்கள் மரத்தடியில் பாய் விரித்த மாதிரி கொட்டிக் கிடக்கும். பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் வேப்பம்பூ. வருஷப்பிறப்பு அன்னைக்கு பச்சடியில் போட கடையில் பாக்கெட் வாங்குகிறோம், அது நம்ம வாசலிலேயே உதிர்ந்து கிடக்கிறது. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டு, காலையில் சேர்ந்ததை எடுத்து வெயிலில் காயவைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆச்சு. எங்க ஆயா இதைத்தான் செய்வாங்க.

சித்திரையில் சரக்கொன்றை. மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். கேரளத்தில் விஷுக்கணி வைக்க இந்தப் பூ இல்லாமல் முடியாது, அந்த மாநிலத்தின் மலரும் இதுதான். தாய்லாந்து நாட்டின் தேசிய மலரும் கொன்றையே. நமக்கு அது சிவனுக்கு உகந்த பூ. திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்க வீட்டில் கொன்றை இல்லாமல் வேறு யார் வீட்டில் இருக்கணும், சொல்லுங்க?

அதோடு மகிழம்பூ. அருணாசலேசுவரர் கோயிலின் தலவிருட்சமே மகிழமரம்தான். நட்சத்திரம் மாதிரி சின்னப் பூ, விடியற்காலையில் உதிரும், காய்ந்த பிறகும் வாசனை போகாது. குண்டுமல்லி பங்குனியில் தொடங்கி வெயில் காலம் முழுக்கப் பூக்கும்.

பார்க்கிறதுக்கும் நேரம் இருக்கு

ரசிப்பது என்றால் செடி வாங்கி வைப்பது மட்டும் இல்லைங்க. எந்தப் பூவை எப்போது பார்க்கணும் என்று தெரிந்திருக்கணும். மல்லி மொட்டு விரிவது பொழுது சாயும்போது, அதனால் மல்லிச்செடியை நீங்க சாயங்காலம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்க. மகிழம்பூவுக்கு விடியற்காலை. புங்கம்பூவுக்குக் காலை எட்டு, ஒன்பது மணி, தேனீ சத்தம் கேட்கும். கொன்றையைத் தூரத்தில் இருந்து பார்த்தால்தான் அழகு, ஆகையால் ஜன்னலுக்கு நேராக, ஆனால் சுவரை விட்டுத் தள்ளி வைக்கணும்.

கையில் ஸ்மார்ட்போன் இருக்கு இல்லையா? வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில் நின்று, அதே மரத்தை ஒரு போட்டோ எடுங்க. ஒரு வருஷத்தில் 52 படம் சேரும். எந்த வாரம் இலை கொட்டியது, எந்த வாரம் முதல் மொட்டு என்று உங்களிடமே கணக்கு இருக்கும். சீசன்வாட்ச் என்ற குடிமக்கள் அறிவியல் திட்டம் இதையேதான் கேட்கிறது. வீட்டுப் பக்கத்து மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரா வாரம் இலை, பூ, காய் எப்படி இருக்கு என்று செயலியில் பதியலாம். பருவம் மாறும்போது மரங்கள் எப்படி மாறுகின்றன என்பதை அறிய இந்தப் பதிவுகள் உதவும். பள்ளிக்கூடப் பசங்களுக்கு இதைவிட நல்ல கோடை விடுமுறை வேலை கிடையாது.

எந்த மரம் வெட்டப்படுது?

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். ஆசை ஆசையாக நட்ட மரம், நல்லாப் பூக்க ஆரம்பிக்கிற வயசில்தான் வெட்டப்படுகிறது. கிளை மின்கம்பியில் உரசும். வேர் காம்பவுண்டு சுவரைத் தள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் "உங்க மரத்துக் குப்பை எங்க வாசல்ல விழுது" என்பார். மூன்றுக்கும் காரணம் மரம் இல்லை. நடுகிற அன்னைக்கு நாம் யோசிக்காமல் விட்டதுதான்.

அதனால் குழி தோண்டுமுன் மூன்று கேள்வி கேட்டுக்கோங்க.

ஒன்று: தலைக்கு மேலே என்ன இருக்கு? மின்கம்பி போனால் அங்கே மரமே வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, மல்லி மாதிரி ஆள் உயரத்துக்குள் கவாத்து செய்து வைக்கக்கூடிய செடிகள் போதும். ஏற்கெனவே கிளை கம்பியைத் தொடுகிறதா? நீங்களே துரட்டுக்கோல் எடுத்துக்கொண்டு ஏறாதீங்க. பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும். மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம், ஆட்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்கள். 2021 ஜூன் முதல் இந்தச் சேவை இருக்கு. இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க.

இரண்டு: சுவருக்கு எவ்வளவு தூரம்? கொன்றை, மகிழம், புங்கம், வேம்பு எல்லாம் பெரிய மரங்கள். குறைந்தது 10 முதல் 15 அடியாவது தள்ளி வையுங்க. அவ்வளவு இடம் இல்லை என்றால் வருத்தப்படாதீங்க, மரத்தைத் தெருவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பரிந்துரை செய்துவிட்டு, வீட்டில் புதர்ச்செடி வளருங்க. தெருவோரத்தில் நட வேண்டுமென்றால் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்க. குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று: காற்றுக்கு நிற்குமா? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதில் மே பிளவர், இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளியில் இருந்து வந்த அலங்கார மரங்கள் நிறைய. மே பிளவர் மடகாஸ்கர் தீவில் இருந்து வந்தது. சிவப்பாகப் பூத்தால் பார்க்க அழகுதான், ஆனால் மைதானத்தில் இருக்கட்டும், ஓட்டு வீட்டின் மேல் வேண்டாம். முருங்கையும் லேசாக முறியும், கூரையை ஒட்டி வைக்காதீங்க.

பெயரைக் கேட்டு ஏமாறாதீங்க

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் கொன்றை இல்லை. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்று ஒரு அமெரிக்க மரம் உண்டு. அதையும் கொன்றை என்றே சொல்வார்கள். நீலகிரி மாவட்டம் முதுமலைக் காட்டில் அது பரவி, கீழே புல் முளைக்கவிடாமல் செய்து, மானுக்கும் யானைக்கும் தீனி இல்லாமல் ஆக்கியதால் வனத்துறை அதை வெட்டி அகற்றி வருகிறது. வெட்டிய மரம் காகிதக்கூழ் செய்யப் போகிறது. வித்தியாசம் சுலபம்: நம்ம சரக்கொன்றையின் பூங்கொத்து கீழ் நோக்கித் தொங்கும், அதன் பூங்கொத்து மேல் நோக்கி நிமிர்ந்து நிற்கும். அதேபோல் பல நிறத்தில் பூக்கும் உண்ணிச்செடியையும் அழகுக்காக வாங்காதீங்க. குருவி பழத்தைத் தின்று காடெல்லாம் விதைத்துவிடும்.

இன்னொன்று அரளி. தண்ணி இல்லாவிட்டாலும் பூக்கும், அதனால் நிறைய வீடுகளில் இருக்கு. ஆனால் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே நஞ்சு. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்தில் அரளிப்பூ சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. வீட்டில் தவழ்கிற குழந்தை, கட்டிப்போட்ட ஆடு மாடு இருந்தால் அரளியும் மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியும் வேண்டாம். யாராவது தெரியாமல் வாயில் போட்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காதீங்க, உடனே 108.

பங்குனியில் பூக்கணும்னா கார்த்திகையில் வேலை

"என் மல்லிச்செடி பச்சைப் பசேல்னு இருக்கு, பூக்கவே மாட்டேங்குது" என்று நிறைய அக்காக்கள் சொல்வாங்க. கேட்டால் கவாத்தே செய்திருக்க மாட்டாங்க. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையில் இருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டிவிடணும். அதாவது அண்ணாமலை தீபத்தை ஒட்டிக் கத்தரிக்கோலை எடுங்க என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். வெட்டிய பிறகு தொழுவுரம் வைத்துத் தண்ணி விட்டால், புதுத் துளிரில் பங்குனியில் மொட்டு வரும்.

மரக்கன்று நடுவதற்கு இந்த வெயில் சரியான காலம் இல்லை. இப்போ குழி மட்டும் எடுங்க. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். அக்னி நட்சத்திர வெயிலில் அது ஆறட்டும். மேல்மண், தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் நடுங்க. கொன்றையை விதையில் இருந்து வளர்க்க ஆசைப்பட்டால், விதையின் ஓட்டைக் கல்லில் லேசாகத் தேய்த்துவிட்டு ஊறவையுங்க. ஓடு கெட்டி, சும்மா போட்டால் முளைக்க ரொம்ப நாள் ஆகும்.

தண்ணிக்கு என்ன செய்வது? இது நம்ம பக்கத்தில் நியாயமான கேள்வி. அரிசி, காய்கறி கழுவிய தண்ணியே நாலு மல்லிச்செடிக்குப் போதும். செடியைச் சுற்றிக் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். தண்ணியே குறைவு என்றால் காகிதப்பூ வையுங்க, அது காய்ச்சலில்தான் நல்லாப் பூக்கும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் மட்டும் தண்ணி தேங்கவிடாதீங்க. டெங்கு கொசுவுக்கு அது போதும்.

உதிர்ந்த பூ குப்பை இல்லை

காலையில் வாசல் கூட்டும்போது அரை கூடை புங்கம்பூ சேர்ந்தால் எரிச்சல் வரும், வாஸ்தவம்தான். வயசான அம்மாவுக்குக் குனிந்து கூட்டுவது கஷ்டம். அதற்காக மரத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒரு மூலையில் மூன்றடிக்கு ஒரு குழி எடுங்க. பூ, இலை, காய்கறித் தோல் எல்லாம் அதில் போகட்டும், மேலே கொஞ்சம் மண், கொஞ்சம் சாணிக் கரைசல். சில மாதத்தில் மக்கி, அதே மண்ணைத் தொட்டிச் செடிக்குப் போடலாம். கொளுத்த மட்டும் வேண்டாம். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை செய்து, அபராதமும் விதித்திருக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் விழுந்த பூவை வாரத்தில் இரண்டு நாள் நாமே போய்க் கூட்டிக் கொடுத்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துபோகும்.

பூத்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீங்க. தேனீ வராவிட்டால் மாமரத்தில் பூ இருக்கும், காய் இருக்காது.

கன்று எங்கே கிடைக்கும்?

பசுமை தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதே இலக்கு. அந்த இயக்கத்தின் இணையதளத்தில் வனத்துறை நாற்றங்கால்களின் விவரத்தைப் பார்க்கலாம், கன்று வேண்டும் என்று கோரிக்கையும் பதியலாம். பூச்செடிகளுக்கும் மாடித்தோட்டத்துக்கும் தோட்டக்கலைத் துறையைக் கேளுங்க. 2018 ஏப்ரலில் வந்த உழவன் செயலி விவசாயிக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. வானிலை பார்க்கவும், திட்டங்களைத் தெரிந்துகொள்ளவும் அது நம்மைப் போன்றவர்களுக்கும் பயன்படும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீடு கட்டும்போது கடைசிச் சதுர அடி வரைக்கும் சிமெண்ட் போட்டுவிடாதீங்க. நாலுக்கு நாலு அடி மண்ணாவது விடுங்க. அதில் ஒரு மல்லிச்செடி நிற்கும், மழைத்தண்ணி கீழே இறங்கும். இடம் இருக்கிறவங்க ஒரு மகிழமரம் வையுங்க. அது மெதுவாக வளரும், இன்னைக்கு வைத்தால் நிழலும் வாசனையும் உங்க பசங்களுக்குத்தான் முழுசா கிடைக்கும். அவங்க அதை வெட்டாமல் வைத்துக்கொள்ளும்படி, சரியான இடம் பார்த்து நடுவது மட்டும் உங்க கையில் இருக்கு.