மூன்றாம் முறை தேறியவர்

(சங்க ஆண்டு விழாவில் கல்வி உதவி நிதியின் பொருளாளர் ஆற்றிய உரை)

  

ஆண்டு விழாவில் பொருளாளன் எழுந்தால் வரவு செலவுக் கணக்கைத்தான் படிப்பான் என்று அஞ்சி, பின் வரிசையில் சிலர் காப்பி இருக்கும் பக்கம் நகர்வது வழக்கம். இன்று நான் கணக்குப் படிக்க வரவில்லை. மருத்துவ அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லி, நம் நிதியின் விதி ஒன்றைத் திருத்துமாறு உங்களை வேண்டிக்கொள்ளவே வந்துள்ளேன்.

அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு, மருத்துவம் பயின்றது சென்னையில். தந்தையார் நோயுற்றமையால் குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பொருள் ஈட்டலாம் என்று எண்ணிச் சிறுவயதில் வீட்டை விட்டு ஓடியவர் அவர். அன்னை வெங்கம்மா அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறை தவறினார்; மறுமுறையும் தவறினார். அந்நிலையில் அன்னை தம் நகையை விற்று மகனைப் படிக்க வைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை தேறினார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் கற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு நண்பர்கள் கைகொடுத்தார்கள். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருள் அளித்தார். விடுதலை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டு கதர் அணிந்தமை ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு இடமாயிற்று. விளைவாக, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அக்காலத்தில் ‘ஸ்ப்ரூ’ என்னும் கொடிய குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்துப் பலியாயினர். அந்நோய் அவரையும் பற்றியது. அரிதில் உயிர் பிழைத்தார்.

1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்குச் செல்ல வழி பிறந்தது. காகிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவி செய்வதாக வாக்களித்தது. மாமனார் மீண்டும் பொருள் திரட்டிக் கொடுத்தார். பாஸ்டன் நகரில் மருத்துவராகப் பணிபுரிய அவருக்கு வாய்ப்பில்லை. மருத்துவமனையில் இரவு நேரத் துப்புரவுப் பணி செய்து வயிறு வளர்த்துப் பகலில் பயின்றார். 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் உலகுக்குத் திருப்பித் தந்தது யாது? 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையில் 1945இல் ஃபோலிக் அமிலம் செயற்கை முறையில் ஆக்கப்பெற்றது. உடன்பிறந்தாரைப் பறித்த அதே ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. கருவுற்ற பெண்களுக்கு இன்று மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பதும் அதுவே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை ஒரு காலமேனும் அடக்கிவைக்க முடியும் என்று டாக்டர் சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். அதற்குப் பயன்பட்ட அமினாப்டெரின் சுப்பாராவின் குழுவினர் அளித்தது. யானைக்கால் நோயை ஒழிக்க நம் ஊர்களில் வீடு வீடாக வழங்கப்பெற்ற மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தோன்றியதே. 1948 ஆகஸ்டில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே, 53ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே! இனி நம் விதிக்கு வருகிறேன். “விண்ணப்பிப்போர் முதல் முயற்சியிலேயே தேறியிருத்தல் வேண்டும்” என்கிறது நம் நிதியின் மூன்றாம் விதி. அந்த விதிப்படி சுப்பாராவ் நம்மிடம் விண்ணப்பித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவர் தாளின் மீது “தள்ளுபடி” என்று எழுதியிருப்போம். எழுதும் கை என்னுடையதாக இருந்திருக்கும்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் துணி தேய்த்துக் கொடுக்கும் ஒருவருடைய மகள் விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வில் முதல் முறை தவறி, மறு ஆண்டு வென்று, அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவள். அவள் கேட்டது விடுதிச் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உரிய தொகை மட்டுமே. விதியைக் காட்டி மறுத்தேன். அவள் அன்னை சங்கிலியை அடகு வைத்து மகளை அனுப்பினார் என்று பின்னர் அறிந்தேன். வெங்கம்மாவின் நகை போய் நூறாண்டுக்கு மேல் ஆகியும், தாயின் கழுத்துத்தான் இன்னும் நம் ஏழை மாணவர்களின் கல்வி நிதியாக இருக்கிறது.

முதல் முறையே வெல்பவனுக்குப் பெரும்பாலும் வீட்டில் விளக்கும், தனி மேசையும், பயிற்சி வகுப்பும் இருக்கின்றன. தவறியும் விடாமல் மீண்டும் எழுதுகிறவனிடம் இருப்பது ஊக்கம் ஒன்றே. அதற்கல்லவா நாம் துணை நிற்க வேண்டும்?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, “முதல் முயற்சி” என்னும் சொற்களை விதியிலிருந்து நீக்குவோம். இரண்டாவது, கல்விக் கட்டணத்துக்கு மட்டுமன்றி, உணவுக்கும் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் கல்லூரி திறக்கும் முன்பே பணம் கொடுப்போம். மூன்றாவது, பெறுபவரை மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கத்தை விடுவோம். உதவி வாங்கிய கூச்சம் ஒரு பிள்ளையின் மனத்தில் தழும்பாக நிற்கலாகாது.

சுப்பாராவுக்கு உதவியவர்கள் தாம் கொடுத்த பணம் எத்தனை உயிர்களைக் காக்கும் என்று கணக்கிட்டுக் கொடுத்தவர்கள் அல்லர். அந்தக் கடனை அவர் முகம் அறியாத நோயாளிகளிடம் செலுத்தினார். கல்விக் கடன் அவ்வாறு செலுத்தப்படுவதே முறை.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விதியை இன்று திருத்தினால், அடுத்த வாரமே அவள் தந்தையாரிடம் சென்று, அடகுச் சீட்டைக் கேட்டு வாங்கி வருவேன். உங்கள் இசைவை எதிர்நோக்கி அமர்கிறேன்.