பிள்ளையின் ஒன்பது இலக்கம்



இந்தியானா மாநிலத்தில் ஒரு சிற்றூர். 1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய தபால்கள் காணாமல் போயின. பெற்றோர் பெயரில் யாரோ கடன் வாங்கியிருப்பதும் தெரிய வந்தது. யார் செய்தது? அக்கம்பக்கத்தாரா, தூரத்துச் சொந்தமா? அந்த வீட்டில் எல்லோர்மீதும் சந்தேகம் விழுந்தது. ஜன்னல் திரைகள் மூடின. வந்து போகிறவர்கள் குறைந்தார்கள். ஒரே மகள் அந்த அச்சத்துக்குள்ளேயே வளர்ந்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஆக்ஸ்டன் பெட்ஸ்-ஹாமில்டன். பர்டூ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, 19 வயதில், வாடகை வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டார். கடன் வரலாறு மோசமாக இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். வாழ்க்கையில் கடனே வாங்காத பெண்ணுக்கு ஏது கடன் வரலாறு? கிரெடிட் ரிப்போர்ட்டை வரவழைத்துப் பார்த்தார். பத்துப் பக்கம்! 11 வயதிலிருந்தே அவர் பெயரில் யாரோ கிரெடிட் கார்டு வாங்கி, கட்டாமல் விட்டு, வசூல் நிறுவனங்கள் வரை போயிருந்தது.

உடைந்து உட்காரவில்லை அவர். குழந்தைகளின் அடையாளத் திருட்டையே ஆய்வுப் பொருளாக எடுத்து முனைவர் பட்டம் பெற்றார். 2013இல் தாய் இறந்தார். சில நாள் கழித்து, தாய் விட்டுச்சென்ற காகிதங்களைப் புரட்டிய தந்தையின் கையில் ஒரு பழைய கிரெடிட் கார்டு கணக்குத்தாள் கிடைத்தது. அதில் மகள் பெயர். இருபது ஆண்டுகளாக அந்தக் குடும்பம் வெளியே தேடிய திருடர், அதே வீட்டில் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த தாய்.

2019இல் இதையெல்லாம் ஆக்ஸ்டனே புத்தகமாக எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு பல நாள் எனக்கு மனம் ஆறவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் அப்படி என்ன இருக்கிறது? பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம், சில வாரங்களில் சோஷியல் செக்யூரிட்டி அட்டை தபாலில் வந்துவிடுகிறது. அந்த ஒன்பது இலக்கத்தின் பெயரில் கடனும் இல்லை, கணக்கும் இல்லை, பதினெட்டு வருஷத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கப் போவதும் இல்லை. திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவன் செய்வதைக் கேளுங்கள். பிள்ளையின் எண்ணை எடுத்து, அதற்கு வேறொரு பெயரையும் முப்பது வயதுக்காரரின் பிறந்த தேதியையும் ஒட்டுகிறான். அந்தக் கற்பனை மனிதன் பெயரில் கடன் கேட்கிறான். முதல் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். ஆனால், விண்ணப்பம் வந்துவிட்டதே என்று கிரெடிட் நிறுவனத்தில் அந்தப் பெயருக்கு ஒரு கோப்பு திறந்துவிடுகிறது. அவனுக்கு வேண்டியது அதுதான். அடுத்து ஒரு சின்ன கார்டு, அதை ஒழுங்காகக் கட்டி ஒரு பெரிய கார்டு, கடைசியில் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு மறைகிறான். முன்பெல்லாம் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அது எந்த மாநிலத்தில் தரப்பட்டது என்று காட்டும். 2011 ஜூன் முதல் எண்களைத் தாறுமாறாகவே தருகிறார்கள். பழைய எண்ணா, நேற்றுப் பிறந்த குழந்தையின் எண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

எண் வெளியே போகும் வழி ஒன்றா இரண்டா? 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற பள்ளி மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்து கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். சில மாணவர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அதில் போனது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். அது நம் கையில் இல்லை. ஆனால், நம் கையில் இருப்பதை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? வரித் தாக்கல் நேரத்தில் வீட்டில் உள்ள நான்கு பேர் அட்டையையும் மேசையில் பரப்பி, ஒரே படமாக எடுத்து, வரிக் கணக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அந்தப் படம் நம் போனில், அவர் போனில், இரண்டு பேரின் கிளவுடிலும் வருஷக்கணக்கில் கிடக்கிறது. சாக்கர் பதிவா, கோடை முகாமா, பல் டாக்டரா, படிவத்தில் கட்டம் இருந்தால் நிரப்பிவிடுகிறோம். கேளுங்கள் ஐயா! "இந்த எண் எதற்கு? இது இல்லாமல் பதிவு செய்ய முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் வெற்றுக் கட்டத்தோடே வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு பெரிய பூட்டும் இருக்கிறது. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது புதுக் கடன் திறக்க முடியாதபடி கோப்பை முடக்கி வைப்பது, எல்லோருக்கும் இலவசம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரே வைக்கலாம். பிள்ளை பெயரில் கோப்பே இல்லாவிட்டாலும், முடக்கி வைப்பதற்கென்றே ஒரு பதிவை உண்டாக்க வேண்டியது கிரெடிட் நிறுவனத்தின் கடமை. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். உங்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை நகல்கள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பெண் பிறந்த அன்றைக்கே நகைச் சீட்டுக் கட்டத் தொடங்கி, லாக்கர் சாவியை இடுப்பில் செருகி வைத்த பாட்டிமார் வழியில் வந்த நமக்கு இது பெரிய வேலையா?

மீட்பதைப் பற்றி இனிச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் மேடை கேட்டேன். பள்ளிப் பிள்ளை பெயருக்குக் கிரெடிட் கார்டு தபால் வந்தால், வசூல்காரர் போன் செய்தால், உங்கள் பிள்ளையை வேறொருவர் தம் வரிக் கணக்கில் ஏற்கெனவே சேர்த்துவிட்டதாக ஐ.ஆர்.எஸ். சொன்னால், தாமதிக்காதீர்கள். மத்திய வர்த்தக ஆணையத்தின் அடையாளத் திருட்டுத் தளத்தில் புகார் பதியுங்கள். அந்தப் புகாரையும் அடையாளச் சான்றையும் இணைத்து எழுதினால், கிரெடிட் நிறுவனம் நான்கு வேலை நாளுக்குள் பொய்க் கணக்கை மறைத்தாக வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், இவர் 18 வயது நிரம்பாத பிள்ளை என்று பிறப்புச் சான்றோடு எழுதுங்கள். ஐ.ஆர்.எஸ். தரும் ஆறு இலக்க ரகசிய எண்ணைப் பிள்ளைக்கும் வாங்கலாம்.

வழி இருக்கிறது. ஆனால், அந்தப் புகாரில் ஒரு கேள்வி உண்டு: இதைச் செய்தவர் யார் என்று தெரியுமா? அங்கேதான் பல குடும்பங்களின் கை நிற்கிறது. "சித்தப்பாதானே, கஷ்டத்தில் கரண்ட் கனெக்ஷனைப் பையன் பெயரில் எடுத்துவிட்டார், அடைத்துவிடுவார்." "வீட்டு விஷயம் சபைக்கு வரலாமா?" மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். யார் மானத்தை? பெரியவர் தலைகுனியாமல் இருக்க, 18 வயதில் கல்விக் கடனுக்கும் வாடகை வீட்டுக்கும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு கவுண்டரிலும் தலைகுனிய வேண்டுமா? தாங்கள் கேட்காத கடனுக்குப் பிள்ளைகளைச் சாட்சி சொல்லவும் விடாமல் வாயை அடைப்பது இரண்டாவது திருட்டு. என் சொந்தத்தில் ஒருவர் செய்தாலும் பெயரை எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

வீடு வீடாக மாறி வளரும் ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளின் எண் எத்தனையோ கைகள் வழியாகப் போகிறது. அதனால் 14 வயதிலிருந்து ஆண்டுதோறும் அவர்களுடைய கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்து, தவறிருந்தால் திருத்த உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்பா அம்மா கூடவே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவனிப்பு குறையலாமா?

உணவு அறைக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மூன்று நிறுவனங்களின் முகவரி எழுதிய உறைகளும் மாதிரிக் கடிதமும் அங்கே இருக்கின்றன. அட்டை நகலை இங்கே கொண்டுவர வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். உறையை எடுத்துப் போய் வீட்டில் நிரப்பித் தபாலில் சேர்த்தால் போதும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே, 16 வயது நிரம்பிய யாரும் அப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ரீஸை நீங்களே கேட்டு வாங்கலாம். உங்களுக்கான கடிதம் தனியாக, மேசையின் இடப்பக்கத்தில் இருக்கிறது.