சாமி முகம் பதித்த காசு



திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் சிறிது தூரத்திலேயே சந்திரகிரிக் கோட்டை வந்துவிடும். 1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பிறகு, அதன் அரசர்களான ராயர்கள் பெனுகொண்டாவிலும் பின்னர் இந்தக் கோட்டையிலும் இருந்து அரசாண்டார்கள். 1586 முதல் 1614 வரை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி தேவராயர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு தங்க வராகன் உண்டு. சட்டைப் பித்தான் அளவு, எடை ஏறக்குறைய 3.4 கிராம். ஒரு பக்கம் திருவாசியின் கீழே நின்ற கோலத்தில் வேங்கடேசப் பெருமாள். மறுபக்கம் நாகரி எழுத்தில் மூன்று வரி: ஸ்ரீ வேங்கடேஸ்வராய நம:.

காசில் அரசர் பெயர் கிடையாது, ஆண்டும் கிடையாது. பெருமாள் பெயர் மட்டும்தான். வேங்கடபதி என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்ட அரசர்கள் இருந்ததால், எந்தக் காசு யாருடையது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இவை கையால் அடித்த காசுகள். நிறை பார்த்து வெட்டிய தங்கத் துண்டைக் கீழச்சின் மேல் வைப்பார்கள். மேலச்சை அதன்மேல் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. அடி மயிரிழை விலகினாலும் பெருமாளின் பாதம் காசுக்கு வெளியே போய்விடும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. எனக்கு இந்தக் காசுகள் மேல் உள்ள ஆசைக்கே அதுதான் காரணம். அடித்தவனின் கை அதில் தெரிகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் படன்பர்க் போன்ற சிற்றூர்ப் பிரபுக்களும் இப்படியே சுத்தியலால் வெள்ளிக் காசு அடித்தார்கள். சின்னப் பிரபுவின் காசைச் சந்தையில் யார் வாங்குவார்? ஆகவே பெரிய அண்டை நாடுகளின் காசைப் பார்த்து, அதே சாயலில் அடித்தார்கள்.

நம் பக்கம் வெள்ளிக்கு அவ்வளவு இடமில்லை. 1443ல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், ஆறு சேர்ந்தால்தான் 'பணம்' என்ற சிறு பொற்காசு ஒன்றுக்கு ஈடாகும் சிறு வெள்ளிக்காசைக் குறிப்பிடுகிறார். மற்றபடி பொன்னும் செம்பும்தான். ஆனால் குறுநிலத் தலைவர்களின் காசு இங்கும் தாராளமாகப் புழங்கியது. 1567ல் விஜயநகரத்திலிருந்து கோவாவுக்குப் போன வெனிஸ் வணிகர் சீசர் பெடரிச்சி பட்ட பாட்டைக் கேளுங்கள். நாளுக்கொரு தலைவரின் எல்லை. எல்லாரும் ராயருக்குக் கப்பம் கட்டுகிறவர்கள்தான், ஆனாலும் ஆளுக்கொரு செப்புக்காசு. இன்று வாங்கிய சில்லறை நாளைக்குச் செல்லாது!

தங்கத்தின் கதை வேறு. அங்கே சாமியின் முகமே பிணை. ஆங்கிலேயர் சென்னையில் அடித்த வராகனில் தேவியர் இருவருடன் பெருமாள் நின்றார். 'மூன்று சாமி வராகன்' என்றே அதற்குப் பெயர். டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் அடித்த செப்புக்காசில் தன் முத்திரையைப் போட்டுக்கொண்டது. நாகப்பட்டினத்தில் தங்கம் அடித்தபோதோ தெய்வ உருவத்தைத்தான் பதித்தது. 1763ல் இக்கேரி நாயக்கர்களின் பெத்தனூரைப் பிடித்த மைசூரின் ஹைதர் அலியும் அவர்களுடைய சிவபார்வதி வராகனை மாற்றவில்லை. பின்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் பொறித்தார். மதம் எதுவானாலும், கடல் கடந்து வந்தவரானாலும், உரைகல்லோடு உட்கார்ந்து காசைச் சோதித்த நாணய வணிகரான சராப்பு நம்பிய முகத்தை மாற்ற இவர்களுக்குத் துணிவில்லை.

இப்படிச் சாமி முகத்தையே பதித்த காசுகளால் இன்று நமக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அடித்தவர் பெயர் இல்லாத காசுக்கு, அது கிடைத்த இடம்தான் பெரிய சாட்சி. எந்த ஊர், எந்த வயல், எந்தப் பானை, கூட என்னென்ன காசுகள் என்பதை வைத்துத்தான் அது யாருடையது என்று ஆய்வாளர் சொல்ல முடியும். உருக்கிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 3.4 கிராம் தங்கம் மட்டுமே. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு தட்டுப்பட்டால், தேய்த்துக் கழுவாதீர்கள், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, கிடைத்தபடியே ஒப்படையுங்கள்.