பீலி ஊருக்கு, பெட்டி வீட்டுக்கு

(நூற்றாண்டு நிகழ்வுகளின் தொடக்க ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



கணினித் துறையில் வேலை செய்பவள் என்பதால், "செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் லுணுகலையில் நாங்கள் வாழ்ந்த லயத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்று என் தொழிலில் பெரிய பெரிய பெயர்களில் பேசப்படும் இரண்டு விடயங்களை நான் அங்கேதான் முதலில் கற்றேன்.

எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு பீலி இருந்தது. குளிக்க, துவைக்க, குடத்தில் பிடிக்க எல்லோருக்கும் அதுதான். அது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் மேலே கான் அடைத்துக்கொண்டால் யாராவது நான்கு பேர் மண்வெட்டியோடு போய்த் துப்புரவாக்கிவிட்டு வருவார்கள். கூலி கேட்க மாட்டார்கள்.

லயக்காம்பராவில் சுவர் ஒரு மறைப்பே அல்ல. பக்கத்து வீட்டில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. உள்ளே நகை அதிகம் இருந்ததில்லை. பிறப்புச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை, அப்பாவின் சம்பளத் துண்டுகள். எங்கள் வீட்டின் மிகப் பெரிய சொத்து கடதாசியாகத்தான் இருந்தது.

பீலி ஊருக்குப் பொது. பெட்டி வீட்டுக்கு உரியது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

முதலில் பீலி. கணினியில் ஓடும் மென்பொருள் என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. அந்தக் கட்டளைகளை மறைத்து வைத்துக்கொண்டு விற்பது ஒரு முறை. யாரும் படிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து வைப்பது இன்னொரு முறை. இதைத்தான் திறந்த மூலம் என்கிறோம். 1983 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் இதை ஓர் இயக்கமாக அறிவித்தார். 1991 இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் மென்பொருளைப் பகிர்ந்தார். உங்கள் கைகளில் உள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்குள் இருப்பதும் லினக்ஸின் கருதான்.

இதில் நமது நாட்டுக்கும் பெருமையான ஓர் இடம் உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, காணாமற்போனவர்களைப் பதியவும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கெடுக்கவும் இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அது திறந்த மூலமாக இருந்ததால், அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கேயும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. இங்கே வெட்டிய பீலியில் அங்கே தண்ணீர் பிடித்தார்கள்.

தமிழிலும் அப்படித்தான். 1998 பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சுச் செய்ததால் பழந்தமிழ் நூல்கள் இணையத்துக்கு வந்தன. 2005 இல் இலங்கையில் தொடங்கிய நூலகம் என்னும் மின்நூலகத்தில் நமது மலையகத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். இதைச் செய்தவர்களில் மிகப் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. கான் வெட்டிய நான்கு பேரைப்போல.

இனிப் பெட்டி. அந்தரங்கம் என்றால் அது வசதி படைத்தவர்களின் கவலை என்று சிலர் நினைக்கிறார்கள். "மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று என் சித்தியே கேட்டார். நமது வரலாற்றைப் பார்த்தால் இது நமக்குத்தான் முதலில் விளங்கியிருக்க வேண்டும்.

நமது முன்னோர் கடல் கடந்து வந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த ஒரு சிறு தகரத்தை அவர்களிடம் கொடுத்தார்கள். அந்தத் தகரம் எந்த மலைக்குச் சொன்னதோ அந்த மலைக்குத்தான் ஆள் போய்ச் சேர வேண்டும். பிறகு "துண்டு" என்று ஒன்று இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று தோட்டத்து நிர்வாகி எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஒரு மனிதரின் கடன் விபரம் இன்னொருவர் கையில் இருந்தது. அந்த விபரமே அவரைக் கட்டிப்போட்டது. 1921 இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. விபரம் பிறரிடம் இருந்தாலும் ஆபத்து, நம்மிடம் இல்லாவிட்டாலும் ஆபத்து. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி விண்ணப்பிக்க, மணமானவர்கள் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர்கள் பத்து ஆண்டுகளும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. கடதாசி எதுவும் கையில் தரப்படாத மக்களிடம் கடதாசி கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா அந்தப் பெட்டிக்கு ஏன் பூட்டுப் போட்டார் என்பது இப்போது விளங்கும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, நமது பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்ற எண்ணிக்கையே நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. உயிர் தப்பியவர்களுக்கு வீட்டோடு பெட்டியும் போய்விட்டது. ஆகவே நான் பதிவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பதிவு சரியாக இருக்க வேண்டும், அதன் சாவியில் நமக்கும் பங்கு வேண்டும் என்கிறேன்.

இதை இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நமது நாட்டில் தனித்துவ டிஜிட்டல் அடையாள முறை ஒன்று உருவாகி வருகிறது. முகம், கண்மணி, விரல் ரேகை மூன்றும் அதில் பதியப்படும். அதற்கு அடித்தளமாகத் தெரிவான மோசிப் என்னும் மென்பொருள், பெங்களூரில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018 இல் தொடங்கியது. அது திறந்த மூல மென்பொருள். திறந்த மூலத்தை நேசிப்பவள் என்ற வகையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று எல்லோரும் பார்க்கலாம் என்பது ஒரு விடயம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது முற்றிலும் வேறு விடயம்.

இந்தியாவில் ஆதார் முறையில் பலரும் பயனடைந்தார்கள். அதேவேளை, உடலுழைப்பால் விரல் ரேகை தேய்ந்தவர்கள் பங்கீட்டுக் கடையில் இயந்திரம் ஏற்காமல் திரும்பிப் போன சம்பவங்களும் நடந்தன. 2017 ஓகஸ்ட் 24 ஆம் திகதி, ஒன்பது நீதியரசர்கள் கொண்ட இந்திய உச்ச நீதிமன்ற ஆயம், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாயின் விரலை நினைத்துப் பாருங்கள். கறை ஏறி, வெடித்து, தேய்ந்த அந்த விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், அடுத்த வழி என்ன என்று முன்கூட்டியே கேட்பது நமது கடமை.

பெயரும் அப்படித்தான். என் அப்பாவின் பெயர் முத்தையா. அது ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்து எழுதப்பட்டு, அங்கிருந்து சிங்களத்துக்குப் போய், மீண்டும் தமிழுக்கு வந்தபோது அவர் "முட்டியா" ஆகியிருந்தார். வீட்டில் சிரித்தோம். அவர் ஓய்வுபெற்ற பின், மூன்று பத்திரங்களில் மூன்று பெயர் இருக்கிறது என்று சொல்லி, அவருக்குச் சேரவேண்டிய பணத்தை ஓர் அலுவலகத்தில் பதினொரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கடதாசியில் உள்ள பிழை கணினிக்குள் போனால் திருந்திவிடாது. வேகமாகப் பரவும்.

நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. நம்மைப் பற்றிய விபரத்தைக் கேட்டுப் பெறவும், பிழையைத் திருத்தக் கோரவும், இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கவும் அது வழி செய்கிறது. இந்தச் சட்டத்தை நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மனிதர் எழுதியதையும் பேசியதையும் பெருமளவில் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கக் கற்ற இயந்திரம் அது. படித்தது எதுவோ அதுதான் அதற்குத் தெரியும். இணையத்தில் தமிழே குறைவு. அதில் நமது மலையகத் தமிழ் மிகக் குறைவு.

"இன்றைக்கு மலைக்குப் போனேன், அரைப்பேர்தான் போட்டார்கள்" என்று ஒரு தாய் சொன்னால் உங்களுக்கு மனம் வலிக்கும். அவர் வேலைக்குப் போனார், பறித்த கொழுந்து போதாதென்று பாதி நாள் சம்பளம்தான் எழுதினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இதை அறியாத இயந்திரம், அவர் மலையேறினார், பாதிப் பெயரை எழுதினார்கள் என்று மொழிபெயர்த்தால் வியப்பில்லை. நாளைக்கு வைத்தியசாலையிலும் தொழிலாளர் முறைப்பாட்டிலும் இந்த இயந்திரங்கள் இடையில் நிற்கப்போகின்றன. அங்கே "பேர்" என்ற சொல் விளங்காமற்போனால் நட்டப்படுவது அந்தத் தாய்தான்.

அப்படியானால் நமது பேச்சையும் பாட்டையும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடுவதா? நியூசிலாந்தில் தெ ஹிக்கு என்ற மாவோரி வானொலி நிலையம் 2018 இல் தன் மக்களை அழைத்தது. ஏறத்தாழப் பத்து நாளில் 300 மணித்தியாலத்துக்கும் அதிகமான மாவோரிப் பேச்சு சேர்ந்தது. வெளி நிறுவனங்கள் கேட்டபோது அவர்கள் கொடுக்கவில்லை. தங்கள் மொழிக்கான கருவியைத் தாங்களே செய்தார்கள். பாதுகாவல் என்று பொருள்படும் மாவோரிச் சொல்லைப் பெயராக வைத்து ஓர் உரிமம் எழுதினார்கள். யார் பயன்படுத்தினாலும் பலன் முதலில் அந்த மக்களுக்குச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவர்கள் பீலியையும் பெட்டியையும் பிரித்தறிந்தவர்கள்.

நமக்கும் முன்னோடி உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்திராவிட்டால் நமது நாட்டார் பாடல்கள் பல அழிந்திருக்கும். அவர் கையில் இருந்தது பேனாதான். நம் ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவியே இருக்கிறது.

ஆகவே நமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமைத் தோட்டங்களில் உள்ள மூத்த தாய்மாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொழிற்சொற்களையும் பதிவு செய்வோம். எதற்காக என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுவோம். கொழுந்து, கவ்வாத்து, கான், பிரட்டு போன்ற சொற்களின் அகராதி எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஒரு தாய் தன் பிள்ளையை இழந்து பாடிய ஒப்பாரி அவர் குடும்பம் சொல்லும்வரை பெட்டியில் இருக்கட்டும்.

இரண்டாவது, க.பொ.த. உயர்தரம் படிக்கும் நமது மாணவியர் விடுமுறையில் தங்கள் லயத்து வீடுகளின் பத்திரங்களைப் பார்த்து, பெயர்ப் பிழைகளைக் குறித்து, திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். புதிய அடையாள அட்டைக்கு முன் இதை முடிப்பது நல்லது. அடையாள அட்டையைப் படம் பிடித்துக் கண்டவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம் என்பதையும் அவர்களே சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் கொஞ்சம் சங்கடமானது. மலர்க் குழுவினர் மன்னிக்க வேண்டும். நூற்றாண்டு மலரின் பின்பக்கங்களில் பழைய மாணவியர் அனைவரின் பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் அச்சிடப் போவதாக அறிந்தேன். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் நம்மில் கணவனிடமிருந்து தப்பி விலாசத்தை மறைத்து வாழும் சகோதரி இருக்கலாம். ஏமாற்றுக்காரரின் அழைப்பால் சேமிப்பை இழந்த ஆசிரியை இருக்கலாம். அச்சில் ஏறியதைத் திரும்பப் பெற முடியாது. பெயரும் படித்த ஆண்டும் மட்டும் போதும். மற்றவை சங்கத்தின் அலுமாரியில், கேட்டுக் கொடுப்பதாக இருக்கட்டும்.

அந்தப் பெயர்களையும் பழைய இடாப்பிலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும், "அக்கா, உங்கள் பெயரை எப்படி எழுதுவது?" என்று ஒருமுறை கேளுங்கள். நமது பெயரை எப்படி எழுதுவது என்று நம்மிடம் கேட்ட அலுவலகங்கள் குறைவு. நமது சங்கமாவது கேட்கட்டும்.