மாட்டுக்குக் கட்டி வந்தா, பார்த்தவுடனே முடிவு பண்ணாதீங்க



நம்மில் பலர் குழுக்கடனில்தான் கறவை மாடு வாங்கியிருக்கிறோம். தோலில் கட்டி வந்தால் "மருதான், தானா உதிரும்" என்று விட்டுவிடுகிறோம். கன்றுகளுக்கு வரும் மரு பெரும்பாலும் சில மாதத்தில் உதிர்ந்துவிடும். காய்ச்சலோடு உடம்பெல்லாம் கட்டி எழும்பினால் தோல் கழலை நோயாக இருக்கலாம். ஒரே கட்டி பெருத்துக்கிட்டே போய், புண்ணாகி ரத்தம் கசிந்தால் புற்றாகவும் இருக்கலாம். அது அபூர்வம்தான்.

எங்க செவலைப் பசுவுக்குக் காதடியில் அப்படி வந்தது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். நாங்க கொடுக்கலை. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு வெட்டி, ஃபார்மலின் பாட்டிலில் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுன்னு முடிவு வந்தது. பரவும் முன்னே கட்டியை முழுசா எடுத்துட்டார். இன்னைக்கும் பால் கறக்கிறோம்.

சூடு போடாதீங்க, முடி கட்டாதீங்க. 1962க்குக் கூப்பிடுங்க.